629 என்று தொடங்கும் கடற்கரை

கடியப்பட்டணம் என்ற பெயரை நான் முதன்முதலில் பார்த்தது ஓடும் ரயிலில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், ஒரு விமானத் தபால் உறையின் மேல். ஓரமெல்லாம் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட உறை. பஹ்ரைனிலிருந்து வந்திருந்தது. வாங்க வேண்டியவரின் பெயருக்குக் கீழே தெருப்பெயர் இல்லை, கதவு எண் இல்லை. 'மேற்பார்வை: பங்குத்தந்தை' என்று ஒரு வரி. அதற்கடுத்து ஊர்ப்பெயர், வழி முட்டம், கன்னியாகுமரி மாவட்டம். பக்கத்திலிருந்த மூத்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மீன்பிடிக்கிற ஊர் தம்பி, நாகர்கோவில் கூண்டுல போடு" என்றார்.

1975-இல் ஆர்.எம்.எஸ். எனப்படும் ரயில்வே தபால் பிரிவில் சார்ட்டராகச் சேர்ந்தேன். கடிதங்களைப் பிரித்து, சுவர் முழுக்க அடுக்கியிருக்கும் புறாக்கூண்டு போன்ற அறைகளில் போடுவதுதான் வேலை. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே எத்தனையோ இரவுகள் அப்படி நின்றபடியே போயிருக்கின்றன. நாகர்கோவிலுக்கு அப்போது ரயிலே கிடையாது. 1979-இல் திருவனந்தபுரம் பக்கமிருந்தும், 1981-இல் திருநெல்வேலி பக்கமிருந்தும் பாதை வந்தது. அதுவரை அந்தப் பைகள் திருநெல்வேலியில் இறங்கிச் சாலை வழியாகப் போகும். கூண்டின் மேல் 'நாகர்கோவில்' என்று ஒரே பெயர்தான். அதற்குள் நான் போட்ட கடிதங்களிலோ நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருந்தன. முட்டம், குறும்பனை, இனயம், மிடாலம், பள்ளம், மணக்குடி, கொட்டில்பாடு, தூத்தூர், வள்ளவிளை, நீரோடி. எல்லாமே 629 என்று தொடங்கும் அஞ்சல் எண்கள். பெயர்களைச் சத்தமில்லாமல் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். தூக்கம் வராமலிருக்க அது உதவியது.

கடல் எனக்கு அதற்கு முன் வாசனையாக மட்டும்தான் தெரியும். பெரம்பலூருக்கு மேற்கே சோளமும் வரகும் விளையும் மேட்டாங்காட்டு ஊர் என்னுடையது. செவ்வாய்ச் சந்தையில் கருவாட்டுக்காரர் சாக்கை அவிழ்க்கும்போது ஒரு வாடை கிளம்பும். அதுதான் கடல் என்று எட்டு வயதில் நம்பினேன். நெத்திலிக் கருவாட்டில் ஒட்டியிருக்கும் மணலைத் தட்டிவிட்டு அம்மா கழுவும்போது, அந்த மணலை விரலால் தொட்டுப் பார்ப்பேன். எங்கள் ஊர் மண்ணைப் போல அது இல்லை.

2012-இல் ஓய்வு பெற்றேன். மூத்த மகள் நாகர்கோவிலில் கல்லூரி வேலையில் இருந்தாள். பேரப்பிள்ளைகளைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்று என் மனைவி சொன்னாள். நான் மறுபேச்சின்றிக் கிளம்பியதைப் பார்த்து அவளுக்கே வியப்பு. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் ஊர்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை முப்பத்தேழு வருடமாக எனக்குள் கிடந்ததை அவளிடம்கூட நான் சொன்னதில்லை.

வந்து சேர்ந்த இரண்டாம் வாரமே அண்ணா பேருந்து நிலையத்தில் முட்டம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பதினைந்து, பதினாறு கிலோமீட்டர்தான். வழியெல்லாம் வயலும் குளமும் தென்னையும் வாழையும். கடல் அருகில் இருக்கிறது என்பதற்கு அடையாளமே இல்லை. கடைசிச் சில நிமிடங்களில் மண் திடீரென்று சிவந்தது. தேரி மண். மழைநீர் அறுத்து அறுத்து, சிறு சிறு பள்ளத்தாக்குகளாக அதைச் செதுக்கியிருந்தது. அந்தச் செம்மண் மேட்டைத் தாண்டியதும் கலங்கரை விளக்கம், அதன் காலடியில் கருத்த பாறைகள், பாறைகளுக்கு அப்பால் ஒரேயடியாக நீலம். சிவப்பும் கறுப்பும் நீலமும் இப்படி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'கடலோரக் கவிதைகள்' (1986) என்று பாரதிராஜா இரண்டு படங்களை இங்கே எடுத்திருக்கிறார். திரையில் பார்த்திருந்தும், நேரில் நின்றபோது கண்ணுக்குப் பழகச் சற்று நேரம் பிடித்தது.

ஒரு பாறையில் ஏறி, ஊரைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். ஓடு வேய்ந்த வீடுகள், கோயில் கோபுரம், காயப்போட்ட வலைகள். (இங்கே 'கோயில்' என்றால் பெரும்பாலும் மாதா கோயில்தான்.) கீழே வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"சாரே, எந்தூரு?"

"பெரம்பலூர் அண்ணாச்சி."

"கடலுக்கு முதுகு காட்டி இருக்கப்படாது. திரும்பி இரியுங்க."

அவர் பயமுறுத்தவில்லை, கோபப்படவும் இல்லை. பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். முட்டத்துப் பாறைகளில் அமைதியான கடலிலிருந்துகூட எதிர்பாராமல் ஓர் அலை எழும்பி வந்து ஆளை வழித்துக்கொண்டு போய்விடும். வெளியூர்க்காரர்கள் பலர் அப்படிப் போயிருக்கிறார்கள். நான் திரும்பி உட்கார்ந்தேன். இந்தக் கரையில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. அதற்குப் பிறகு எந்தத் துறைக்குப் போனாலும் முதலில் கடலைப் பார்ப்பேன். ஊர்க்காரர்களும் அப்படித்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் கண் நொடிக்கொரு தரம் கடலுக்குப் போய்வரும். பேச்சில் கவனமில்லை என்று ஆரம்பத்தில் தவறாக நினைத்திருந்தேன்.

முட்டத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடைப்பட்ட கரையில் குனிந்து மணலைப் பாருங்கள். வெள்ளை மணலில் யாரோ மையால் கோடிழுத்தாற்போலக் கறுப்பு வரிகள், அவற்றுக்கு நடுவே குங்குமச் சிவப்பு. கறுப்பு இல்மனைட். சிவப்பு கார்னெட். இவற்றோடு மஞ்சள் கலந்த பழுப்பில் மோனசைட். மலைப்பாறைகள் கரைந்து ஆறுகளில் வந்து சேர்ந்தவை இவை. தென்மேற்குப் பருவக்காற்றில் அலை ஓங்கி அடிக்கும் மாதங்களில், எடை குறைந்த வெள்ளை மணலை அலை இழுத்துப் போய்விடுகிறது. கனத்தவை கரையிலேயே தங்கிவிடுகின்றன. எடை பார்த்து, நிறம் பார்த்து, தனித்தனியாக எடுத்து வைத்தாற்போல இருக்கும். முப்பத்தேழு வருடம் பிரிக்கும் வேலை செய்தவன் நான். இந்தக் கைத்திறனுக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த மணல் உலகத்துக்குத் தெரிய வந்த கதையும் தபால் கதை போலத்தான் இருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தென்னங்கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மணலில், 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து எடுக்கும் தோரியம், அன்றைய எரிவாயு விளக்குகளின் வலைத்திரிக்குத் தேவைப்பட்டது. எங்கள் வீட்டுக் கருவாட்டில் ஒட்டி வந்த மணலை அம்மா தட்டிவிட்டாள். கயிற்றில் ஒட்டியதை அந்த மனிதர் கண்ணாடி வைத்துப் பார்த்தார். மணவாளக்குறிச்சியில் இன்றும் மணல் பிரிக்கும் ஆலை இருக்கிறது. மணல் எடுப்பதை இந்தக் கரை மக்கள் காலங்காலமாக எதிர்த்து வருகிறார்கள். மோனசைட்டில் இயற்கையாகவே கதிரியக்கம் உண்டு என்பதும், மணல் மேடு போனால் கடல் உள்ளே வரும் என்பதும் அவர்களுடைய கவலை. அழகான வரிகள் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும் அதே மணலை அவர்கள் எந்தக் கண்ணால் பார்க்கிறார்கள் என்பதை அறியாமல் இந்த ஊர்களை நேசிக்க முடியாது.

முட்டத்துக்கு மேற்கே வள்ளியாறு கடலில் சேரும் இடத்தில் கடியப்பட்டணம். முதல் தடவை அங்கே நடந்து போனபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த உறையில் இருந்த பெயர் எனக்கு நினைவில்லை. நினைவிருந்தாலும் தேடியிருக்க மாட்டேன். ஏன் கதவு எண் எழுதப்படவில்லை என்பது மட்டும் ஊருக்குள் கால் வைத்ததுமே விளங்கியது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு ஆள் ஒடுங்கிப் போகும் சந்துதான். திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் பேசுவது நாலு வீட்டுக்குக் கேட்கும். இங்கே ஒரு பெயரைச் சொன்னால் போதும், அவர் இன்ன வீடு, இப்போது கடலில் இருக்கிறாரா கரையில் இருக்கிறாரா, எந்த வள்ளத்தில் போனார் என்பது வரை சொல்லிவிடுவார்கள். குறுகிய அந்தச் சந்துகள் ஒவ்வொன்றும் கடலில் போய் முடிகின்றன. சந்தின் முனையில் நின்றால் ஒரு கதவு அகலத்துக்கு நீலம் தெரியும். அந்தக் கதவளவு கடலை எனக்கு முழுக் கடலைவிடப் பிடிக்கும்.

அந்தக் கடிதங்கள் எதைப் பற்றி இருந்திருக்கும் என்பதையும் மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டேன். இந்தக் கரையிலிருந்து எழுபதுகளுக்குப் பிறகு வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களில் பலர் அங்கேயும் மீன்பிடிக்கத்தான் போனார்கள். அரபுப் படகுகளில் வேறு கடலில் வலை வீசிவிட்டு, இந்தக் கடல் எப்படி இருக்கிறது என்று விசாரித்து எழுதியிருப்பார்கள்.

கட்டுமரம் தண்ணீரில் இறங்குவதை நான் பார்த்தது ராஜாக்கமங்கலம்துறைப் பக்கம். நாலைந்து மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை. உள்ளே குழி கிடையாது, பக்கச்சுவர் கிடையாது. அலை மேலே ஏறினால் இடைவெளி வழியாகத் தண்ணீர் இறங்கிப் போய்விடும். மூழ்க இடமே இல்லை. ஒரே ஆள் துடுப்புப் போட்டு அலைகளின் வரிசையை அறுத்துக்கொண்டு போவார். முதல் அலையை நிமிர்ந்து ஏறி, இரண்டாவதில் மறைந்து, மூன்றாவதுக்கு அப்பால் சின்னப் புள்ளியாகத் தெரிவார். உலகத்துக்கு 'கேட்டமரான்' என்ற சொல்லைக் கொடுத்தது நம் கட்டுமரம். இப்போது ஃபைபர் வள்ளங்களும் எஞ்சினும் வந்துவிட்டன, மரம் குறைந்துவிட்டது. மீனவர்களின் முதுகெலும்புக்கு அது நிம்மதி என்பதால் நான் வருந்தவில்லை. ஆனாலும் ஒரு மரம் கரையில் அவிழ்த்துப் போடப்பட்டிருப்பதைப் பார்த்தால் பக்கத்தில் போய்க் கையால் தடவாமல் வர முடிவதில்லை.

அதே கரையில்தான் கரமடிக் கயிற்றைப் பிடித்தேன். கரைமடி என்று எழுதுவார்கள், இங்கே வாயில் வருவது கரமடி. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் கடலுக்குள் அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே போய், தொலைவில் இன்னொரு முனையைக் கரை சேர்க்கும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று நெருங்கி வரும். நடுவில் இருக்கும் மடியில்தான் மீன். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. வேடிக்கை பார்த்து நின்றவனை ஓர் இளைஞன் பார்வையாலேயே கூப்பிட்டான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி ஆளாகப் போய்ப் பிடித்தேன். ஈரக் கயிறு உள்ளங்கையை அறுத்தது. ஓர் அலை பின்வாங்கும்போது கயிறு இறுகும், நிற்க வேண்டும். அலை கரைக்கு வரும்போது இளகும், அப்போது இழுக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்துத்தான் அந்தத் தாளம் பிடிபட்டது. கடலோடு சேர்ந்துதான் இழுக்க முடியும், அதை எதிர்த்து அல்ல.

மடி கரையேறியபோது அதில் பெரிதாக ஒன்றுமில்லை. சாளை, கொஞ்சம் நெத்தோலி, ஒரு திருக்கை. நான் ஒதுங்கி நின்றேன். அந்த இளைஞன் இரண்டு கை நிறையச் சாளையை அள்ளி ஒரு பாலிதீன் பையில் போட்டு நீட்டினான். காசு எடுக்கப் போனேன். "கயிறு பிடிச்சவங்களுக்குப் பங்கு உண்டு சாரே" என்றான். அரசாங்கத்தில் முப்பத்தேழு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அந்தச் சாளைப் பையை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது இருந்த பெருமை எந்த முதல் தேதியிலும் இருந்ததில்லை. என் மனைவி தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள். இங்கே வந்த பிறகு கற்றுக்கொண்ட பக்குவம் அது. கூட அவித்த மரச்சீனிக் கிழங்கு. திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் 1880-களில் மக்களிடையே பரப்பிய கிழங்கு, இன்று மீன் இருக்கும் எல்லா வீட்டிலும் அதுவும் இருக்கிறது.

கிழக்கே மணக்குடி. பழையாறு அங்கே கடலைத் தொடுகிறது. ஆற்றுக்கு இக்கரை மேலமணக்குடி, அக்கரை கீழமணக்குடி. 2004 டிசம்பர் 26 காலையில் வந்த சுனாமி அங்கிருந்த பாலத்தின் கான்கிரீட் தளங்களைப் பிய்த்து எறிந்தது. இப்போது புதிய பாலம் நிற்கிறது. கழிமுகத்தில் நட்ட அலையாத்திச் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டன. அவற்றின் வேரிடையே இறால் குஞ்சுகள், நண்டு. மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும். பாலத்தின் நடுவில் நின்று அந்தப் பசுமையைப் பார்க்கும்போது, அடியில் ஓடும் நீரைப் பார்க்கத் தயங்குபவர்கள் இன்னும் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

கன்னியாகுமரியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். விவேகானந்தர் பாறையையும் 133 அடி வள்ளுவரையும் பார்க்க வருபவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். பார்த்து முடித்ததும் பஸ் ஏறிவிடாமல் பக்கத்தில் சின்னமுட்டம் துறைமுகத்துக்கு ஒரு நடை போய், விசைப்படகுகள் திரும்பும் நேரத்தில் ஏலம் கேளுங்கள்.

எல்லையைத் தாண்டி, 628 என்று தொடங்கும் தூத்துக்குடி மாவட்டத்துக் கரையில் ஓர் ஊரை மட்டும் விட்டுவிட மனமில்லை. மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்று, அதன் உச்சியில் 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். கீழே பாறையில் ஒரு குகை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அங்கே தங்கியிருந்ததாகச் சொல்வார்கள். அலை தெறிக்கும் தூரத்தில் இருக்கும் அந்தக் குகைக்குள் குடிக்கும்படியான நல்ல தண்ணீர் ஊறுகிறது. செப்டம்பர் 14-இல் திருவிழா. குன்றின் மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் கொழும்பு வணிகத்தில் பொருள் சேர்த்தவர்கள் கட்டிய பெரிய வீடுகள். அவற்றில் பல பூட்டிக் கிடக்கின்றன. ஊரில் பெண்கள் பனை ஓலையில் பெட்டி முடைகிறார்கள். என் மனைவி அங்கே வாங்கிய மூடி போட்ட பெட்டியில்தான் வீட்டுப் பத்திரங்களை வைத்திருக்கிறாள்.

மேற்கே போனால் குளச்சல். 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த துறை. வெற்றித்தூண் ஒன்று கடற்கரைக்கு அருகில் நிற்கிறது. பிடிபட்ட டச்சுப் படைத் தலைவர் டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, 1777-இல் இறந்து, உதயகிரிக் கோட்டையில் புதைக்கப்பட்டார். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து இருக்கிறது. துறையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சொல்லும் கதை வேறு. படை குறைவாக இருந்ததால் மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்களாம். தூரத்துக் கப்பலுக்கு அது துப்பாக்கி ஏந்திய பெரும்படையாகத் தெரிந்ததாம். தூணில் அது எழுதப்படவில்லை. எனக்கு நம்பத்தான் தோன்றுகிறது.

குளச்சலை ஒட்டிய கொட்டில்பாட்டில் நான் அதிக நேரம் நிற்பதில்லை. திருவிதாங்கூர் அரசு பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டிய ஏ.வி.எம். கால்வாய் அந்தப் பகுதியில் கரைக்கு இணையாக ஓடுகிறது. சுனாமியன்று கடலிலிருந்து ஓடியவர்களுக்கு முன்னால் கால்வாய் குறுக்கே கிடந்தது. கூட்டுக் கல்லறைக்கு முன்னால் கைகூப்பிவிட்டு வந்துவிடுவேன்.

தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கிறது. அதற்கப்பால் இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. எட்டு ஊர்கள், ஒன்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியாளுக்குத் தெரியாது. ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். லட்சத்தீவு, குஜராத், அதற்கும் அப்பால் என்று வாரக்கணக்கில் போய்விடுவார்கள். 2017 நவம்பர் 29 இரவு நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக் கூரைத்தகரம் அலறத் தொடங்கியபோது அவர்கள் கடலில் இருந்தார்கள். மறுநாள் ஒக்கிப் புயல். ஊரெங்கும் ரப்பரும் வாழையும் தேக்கும் சாய்ந்து கிடந்தன, நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. நாங்கள் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தோம். குமரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட மீனவர்கள் திரும்பி வரவில்லை. பல உடல்கள் கிடைக்கவே இல்லை.

அடுத்த ஆண்டு அந்த ஊர்களில் ஒன்றுக்குப் போயிருந்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்ட வீட்டில் சுவரில் ஒரு வாலிபன் படம், அதற்குக் கீழே சின்ன விளக்கு. தண்ணீர் கொடுத்த அம்மா என் கண் போன இடத்தைப் பார்த்தார். "கடல் மேல கோவம் இல்ல. நேரத்தோட ஒரு சேதி வந்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார். சேதி கொண்டுசேர்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவன் நான். அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அவர் பேரனின் படிப்பைப் பற்றிச் சொல்வார், நான் கேட்பேன்.

இந்தக் கரை தேய்ந்துகொண்டிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் என் கண் முன்னாலேயே மணல் போய்ப் பாறாங்கல் வந்த துறைகள் உண்டு. அலைகளோடு மணலும் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கும். எங்காவது கல்லைப் போட்டு அந்த ஓட்டத்தை மறித்தால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். அரித்த ஊருக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டினால், அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்கிறது. வீட்டைக் காக்கக் கல் வேண்டும் என்று கேட்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் கல் வந்த இடத்தில் கரமடி இழுக்க முடியாது, மரம் ஏற்ற முடியாது, பிள்ளைகள் பந்தாட முடியாது. மாலையில் பெண்கள் உட்கார்ந்து பேன் பார்க்கும் இடமும் போய்விடுகிறது. கடற்கரை என்றால் பார்ப்பதற்கு என்று நினைத்து வந்தவன் நான். இந்த ஊர்களுக்கு அது களம், முற்றம், தெரு, விளையாட்டு மைதானம் எல்லாமே.

இந்தக் கரையில் வாழும் மனிதர்கள் தங்களைத் தாங்களே எழுதிக்கொண்டதைப் படித்துத்தான் இதில் பாதியை நான் புரிந்துகொண்டேன். உவரியில் பிறந்த ஜோ டி குரூஸின் நாவல்கள், பள்ளம்துறைக்காரரான வறீதையா கான்ஸ்தந்தின், குறும்பனை சி. பெர்லின் ஆகியோரின் புத்தகங்கள் என் அலமாரியில் கைக்கெட்டும் தட்டில் இருக்கின்றன. நீரோட்டத்தை 'நீவாடு' என்பார்கள் என்பதைப் புத்தகத்தில் படித்துவிட்டு, மறுநாள் முட்டத்தில் ஒருவர் வாயிலிருந்து அதே சொல் வந்தபோது பழைய நண்பனைச் சந்தையில் பார்த்தது போல் இருந்தது.

எந்த மாதம் வருவது என்று உறவினர்கள் கேட்பார்கள். எல்லோரும் தை, மாசி என்று சொல்வார்கள். நான் ஆனி என்பேன். இந்த மாவட்டத்துக்கு மட்டும் இரண்டு மீன்பிடித் தடைக்காலம். குமரிமுனைக்குக் கிழக்கே உள்ள விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு பருவக்காற்றும் வந்து தொடும் முனை இது. ஆனி மாதத்தில் மேற்குக் கடல் பழுப்பு நிறத்தில் பொங்கி நிற்கும். முட்டத்துப் பாறையில் மோதும் அலை தென்னை உயரத்துக்கு எழும்பி, காற்றில் கிழிந்து, கலங்கரை விளக்க மேடு வரை உப்புத் தூறலாக வந்து முகத்தில் விழும். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். சிறு வள்ளக்காரர்கள் கரையில் நின்று கடலின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு இடைவெளி கிடைத்தால் இறங்கிவிடுவார்கள். அந்த மாதத்தில்தான் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். வலை பொத்துவார்கள், எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள், உட்கார்ந்து கதை பேச நேரம் இருக்கும். கடலுக்கு முதுகு காட்டாதே என்று சொன்ன பெரியவரோடு நான் அதிகம் பேசியது அப்படிப்பட்ட நாட்களில்தான். கடலுக்குள்ளிருந்து பார்த்தால் கரை எப்படித் தெரியும் என்று அவர்தான் சொன்னார். வேளிமலையின் ஒரு முடியையும் ஊர்க்கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்களை அப்படியே சேர்த்துப் பார்த்தால், அந்த இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் மீன் கிடக்கும் பாறை இருக்கும். தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது. கதவு எண் இல்லாத முகவரி அங்கேயும்தான்.

போன ஆனியில் அவர் இல்லை. மாசியில் தவறிவிட்டார் என்று மகன் சொன்னார். எண்பத்திரண்டு வயது, வீட்டில், தூக்கத்தில். அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று நான் வருந்தியபோது, "ஒங்களுக்கு எப்படிச் சேதி சொல்ல, நம்பர் தெரியாதே" என்றார். பத்து வருடமாக வந்து போகிறேன், எண்ணைக் கொடுக்கவே தோன்றியதில்லை. பாறையில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், கடலைப் பார்த்து.

பிறகு முட்டத்து அஞ்சலகத்துக்கு நடந்தேன். ஓர் அஞ்சலட்டை வாங்கி, மதுரையில் இருக்கும் என் பழைய கூட்டாளிக்கு எழுதினேன். ஒரே வண்டியில் இருபது வருடம் எதிரெதிரே நின்று கடிதம் பிரித்தவர். கண் மங்கிவிட்டது, வெளியே வருவதில்லை. செம்மண், பாறை, பெரியவர், ஆனிக்கடல் என்று ஏழெட்டு வரியில் அடங்கியதை எழுதினேன். என் முகவரியையும் முழுதாக எழுதி, 629 என்று தொடங்கும் எண்ணைக் கட்டத்துக்குள் ஒவ்வொன்றாகப் போட்டேன். உள்ளே இருந்த பெண் அட்டையை வாங்கிப் பக்கத்தில் வைக்கப் போனார். இப்போதே முத்திரை குத்த முடியுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே மைப்பட்டையில் தேய்த்து ஓங்கி ஒரு அடி அடித்தார். என் கூட்டாளி எழுத்தைப் பிறகுதான் படிப்பார், முதலில் பார்ப்பது முத்திரையை. வட்டத்துக்குள் ஊர்ப்பெயர் மை கலங்காமல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.